பாப்பாவுக்கு, குளத்தைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை. தம்பி போன வாரம் பேசினான். நீ பேசி 23 நாள் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். குறை சொல்ல எழுதவில்லை. தோட்டத்தில் நான் வெட்டிய குளத்தைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "ம்" போட்டுக்கொண்டே வேறு எங்கேயோ பார்க்கிறாய். எழுதி அனுப்பினால் ஆற அமரப் படிப்பாய் என்று ஒரு எண்ணம்.

குளம் தெளிந்துவிட்டது. முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

குளிர் விலகி வெயில் ஏற ஆரம்பித்ததும் தண்ணீர் பச்சையாகத் தொடங்கியது. பத்தே நாளில் பச்சிலையை அரைத்துக் கரைத்தது போல ஆகிவிட்டது. முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியாது. இது கல்லில் ஒட்டும் பாசி இல்லை, நூல் பாசியும் இல்லை. தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாத ஒற்றைச் செல் பாசி, தண்ணீர் முழுக்க மிதக்கிறது. வெயில் வந்துவிடுகிறது, ஆனால் அல்லி இலை விரிய இன்னும் நாள் இருக்கிறது. மேலே நிழல் இல்லை, தண்ணீரில் கரைந்து கிடக்கும் சத்தை உறிஞ்ச வேறு செடியும் கண் விழிக்கவில்லை. அந்த இடைவெளியில் பாசி பெருகிக்கொள்கிறது.

குளம் வெட்டிய புதிதில் இதே மாதிரி ஆனபோது பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். நாலு நாள்கூடத் தாங்கவில்லை, முன்னைவிடக் கரும்பச்சை. புதுத் தண்ணீரோடு புதுச் சத்தும் உள்ளே வந்துவிடுகிறது, அது பாசிக்குத்தான் கொண்டாட்டம். இந்தத் தடவை தொடவே இல்லை. எதையாவது சரிசெய்யாமல் என்னால் உட்கார முடியாது என்று உனக்குத் தெரியும். இருந்தும் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் தண்ணீருக்குள் தூசி துள்ளுவது போல நீர்த்தெள்ளுகள் தெரிய ஆரம்பித்தன. அவை அந்தப் பாசியை வடிகட்டித் தின்பவை. இன்னொரு பக்கம் அல்லி இலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து விரிந்தன. 19ஆம் நாள் காலையில் அடியில் கிடக்கும் செங்கல் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "செங்கல்தானே" என்றாள். ஆனால் உள்ளே போகவில்லை. அவளும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீ சாப்பிடுகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி படுக்கும் முன் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஒரு தடவை இழுத்தும் பார்.

குளத்தின் அளவு உனக்குச் சொல்லவே இல்லை என்று நினைக்கிறேன். நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், நடுவில் ஆழம் 60 செ.மீ. ஓரத்தில் செடி வைக்க 25 செ.மீ. ஆழத்தில் ஒரு திட்டு. அடியில் கூரான கல்லையெல்லாம் பொறுக்கிவிட்டுப் பழைய கம்பளங்களைப் போட்டு, அதன்மேல் ரப்பர் விரிப்பு. விரிப்பின் அளவுக்கு நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்ட வேண்டும், இறங்க ஒன்று, ஏற ஒன்று. அப்புறம் கரையில் மடித்துப் புதைக்க இரண்டு பக்கமும் 30 செ.மீ. விட வேண்டும். அப்படிப் பார்த்தால் 4.8 மீட்டருக்கு 3.8 மீட்டர். முதலில் நான் ஆழத்தை ஒரு தடவைதான் கூட்டியிருந்தேன். விரிப்பு வாங்கப் போகும் முன்தினம் ராத்திரி படுத்தபிறகு திடீரென்று உறைத்து, எழுந்து விளக்கைப் போட்டு மறுபடி கணக்குப் போட்டேன். அப்போது உன் நினைவுதான் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் என் வருமான வரிக் கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் பக்கம் ஒரு சைபர் விட்டுட்டீங்க" என்று சொன்னவள் நீ. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், எதற்கு என்று கேட்காதே. ஆபீஸில் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பேன். உன்னிடம் மட்டும் சொன்னதில்லை.

நிரப்பும்போது மீட்டரைப் பார்த்தேன், 2,600 லிட்டர் பிடித்தது. குழாய்த் தண்ணீர்தான். குளோரின் இரண்டு நாள் வெயிலில் திறந்து கிடந்தால் போய்விடும். சில ஊர்களில் குளோரமின் போடுகிறார்கள், அது அப்படி லேசில் போகாது, அதற்கென்று மருந்து கலக்க வேண்டும். தம்பி அன்றைக்கே மீன் விடலாம் என்றான். நான் விடவில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை நுண்ணுயிரி, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது செடிக்கு உணவு. இந்த நுண்ணுயிரிகள் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக் குடும்பம் பெருக்க 4 முதல் 6 வாரம் ஆகும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கூட. கண்ணாடி மாதிரித் தெளிந்த புதுத் தண்ணீரில் மீன் சாவது அதனால்தான். பார்க்க ஒரு குறையும் தெரியாது.

பார்க்க ஒரு குறையும் தெரியாது என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா வந்து விளக்கைப் போட்டாள்.

அல்லியைப் பற்றிச் சொல்கிறேன். கூடையில் வைக்க மக்கிய உரமண் கூடாது, அது கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். கனத்த களிமண்தான் வேண்டும். கிழங்கின் குருத்து வெளியே தெரியும்படி வைத்து, மண் மிதக்காமல் மேலே பொடிக்கல் பரப்ப வேண்டும். எடுத்த எடுப்பில் ஆழத்தில் இறக்கிவிடக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. போன வருஷம் நேராக அடியில் வைத்தேன். இலை மேலே வர முடியாமல் பாதி வழியிலேயே மஞ்சளாகி அழுகியது. அடியில் செங்கல் அடுக்கி, அதன்மேல் கூடையை வைத்து, முதலில் ஒரு சாண் தண்ணீர் மட்டும் மேலே நிற்கிற மாதிரி வைக்க வேண்டும். இலை மேலே வந்து விரிந்தபின் ஒரு செங்கலை எடுக்க வேண்டும். தண்டு நீண்டு மறுபடி எட்டிப் பிடிக்கும். அப்புறம் இன்னொரு செங்கல். இந்த வருஷம் அப்படித்தான் செய்கிறேன். இப்போது 9 இலை மிதக்கிறது. ஒரு மொட்டு தண்ணீருக்குள் வளைந்து நிற்கிறது, இன்னும் ஒரு சாண் ஏற வேண்டும். குளத்தின் பாதிப் பரப்பை இலை மூடினால் போதும், முழுக்க மூடவிடக் கூடாது, உள்ளே வெளிச்சம் வேண்டும்.

அம்மா ஆசைப்பட்டாள் என்று ஒரு சின்ன நீரூற்று வைத்தேன். அல்லிக்கு மேலே தண்ணீர் தெறித்தால் பிடிக்காது, அசையாத தண்ணீரில்தான் நன்றாக வரும். அதனால் எதிர்மூலைக்கு மாற்றி, ராத்திரி மட்டும் ஓடும்படி வைத்திருக்கிறேன். ராத்திரி மட்டும் என்றதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு இப்போதெல்லாம் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பின்வாசலில் போய் உட்காருவேன். ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஐந்து மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பகலெல்லாம் தண்ணீருக்குள் பிராணவாயுவைக் கொடுக்கும் அதே செடியும் பாசியும் ராத்திரியில் அதைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. விடிவதற்குச் சற்று முன்புதான் அது மிகவும் குறைந்திருக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீர் பிடித்து வைக்கிற பிராணவாயுவும் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் வந்து பார்க்கிறவருக்கு மீன் ஜோராக நீந்துவதுதான் தெரியும். அந்த நேரத்தில் விழித்திருந்தால்தான் அது மூச்சுக்குத் தவிப்பது தெரியும்.

நீயும் அந்த நேரத்தில் விழித்திருக்கிறாய். நீ கடைசியாக எப்போது போனைப் பார்த்தாய் என்பது எங்கள் போனில் தெரிகிறது. அம்மாதான் காட்டினாள். வேவு பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. 4.10, 3.50, 4.25. தூக்கம் முக்கியம், பாப்பா. படுக்கப் போகும்போது போனை இன்னொரு அறையில் வைத்துவிடு. இன்னொரு அறை இருந்தால்.

வீடியோவில் பேசும்போது உன் பின்னால் தெரிகிற சுவர் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் புத்தக அலமாரியும் ஓரத்தில் மாப்பிள்ளையின் கிடாரும் தெரியும். கடைசி மூன்று தடவையும் வெறும் சுவர். ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று, பக்கத்தில் ஈரம் ஏறி உப்பிய திட்டு. நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஈரம் ஏறிய சுவரை ஒட்டிக் கட்டில் போடாதே என்று மட்டும் சொல்கிறேன். ஒரு சாண் தள்ளிப் போடு. காலையில் ஜன்னலைத் திறந்து காற்றுப் போகவிடு, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். உனக்குச் சின்ன வயதிலேயே இழுப்பு உண்டு. அந்த மழைக்கால ராத்திரி ஞாபகம் இருக்கிறதா, நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தது? உனக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது. உனக்கு அப்போது மூன்று வயது.

தம்பிக்கு எல்லாம் தெரியும்போல இருக்கிறது. உன் பேச்சை எடுத்தால் சிக்னல் சரியில்லை என்கிறான். அவனிடம் சொல்ல முடிந்தது எங்களிடம் சொல்ல முடியவில்லையா என்று அம்மா அழுதாள். எனக்கும் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நாலு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? "நல்லா இருக்கேன்" என்று எழுதாதே. அதை நாங்கள் நம்பவில்லை.

சரி. தோட்டத்தைச் சொல்கிறேன். தக்காளி நாற்று 14, மிளகாய் 10, பூசணி 3 குழி. நாற்றை வீட்டுக்குள்ளிருந்து எடுத்த அன்றே முழு வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காகிதமாகிவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்கித்தான் நட்டோம். பூசணிக்கு அம்மாதான் மகரந்தம் தொட்டு வைக்கிறாள். பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. விடிகாலையில் விரியும், மதியத்துக்குள் மூடிக்கொள்ளும், ஒரே ஒரு காலைதான் அதற்கு. தேனீ வரவில்லையென்றால் பிஞ்சு அழுகி விழுந்துவிடும். அதனால் முழங்கால் வலியோடு தினமும் ஆறு மணிக்குப் போய் நிற்கிறாள். உரக்குழி நன்றாக வெந்துகொண்டிருக்கிறது, கம்பியைச் செருகி எடுத்தால் கை பொறுக்காத சூடு. நீ வைத்துவிட்டுப் போன மல்லிகையைக் கவாத்து செய்தேன். ரொம்பவும் வெட்டிவிட்டேன் என்று அம்மா திட்டினாள். இப்போது வெட்டிய ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டு துளிர்.

கதவு விஷயத்தைச் சொன்னேனா? உள்தாழ்ப்பாள் போடு. அந்நியர் யாராவது மணி அடித்தால் சங்கிலியை மாட்டிக்கொண்டே பேசு.

இப்போது தவளைக் குஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

போன வருஷம் குளத்தை நிரப்பி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, ஒரு ராத்திரி எங்கிருந்தோ தேரைகள் வந்தன. காலையில் பார்த்தால் செடித் தண்டுகளைச் சுற்றி முட்டைச் சரம், கண்ணாடிக் குழாய்க்குள் கறுப்பு மணி கோத்த மாதிரி. தவளை என்றால் கொத்தாக இடும், தேரை சரமாக இடும், அதை வைத்துத்தான் தேரை என்று தெரிந்துகொண்டேன். மீன் அப்போது இல்லை. தலைப்பிரட்டைகள் நூற்றுக்கணக்கில் கரும்புள்ளியாய் ஊர்ந்தன. கொசுப்புழு பற்றி அம்மா கவலைப்பட்டாள். அது முட்டையிலிருந்து கொசுவாக வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளே போதும். ஆனால் அதற்குள் தும்பியின் இளம்பூச்சிகளும் வந்து சேர்ந்திருந்தன, புழுவை அவை பார்த்துக்கொண்டன. எல்லாம் தானாகக் கூடி வந்ததைப் பார்த்து எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது. தினமும் குனிந்து குனிந்து பார்ப்பேன். முதலில் பின்கால்கள் வரும். முன்கால்கள் உள்ளே தோலின் மறைவிலேயே வளர்ந்து, ஒருநாள் திடீரென்று வெளியே நீட்டும். அதன்பிறகு வால் கரையத் தொடங்கும். அந்த நாட்களில் அது ஒன்றும் தின்னாது, வாய் மாறிக்கொண்டிருக்கும். வால் கரைந்ததுதான் அதற்கு ஆகாரம். செவுளும் போய்விடும், நுரையீரலால்தான் மூச்சு.

நான் வெட்டிய குளத்துக்கு நாலு பக்கமும் செங்குத்துச் சுவர். பார்க்க எடுப்பாக இருக்கும் என்று மட்டப்பலகை பிடித்து வெட்டியது. கரையில் பாவிய கல் தண்ணீருக்கு மேலே நாலு விரல்கடை நீட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் விரிப்பில் கால் பிடிக்காது. ஒருநாள் காலையில் சுவர் ஓரமாகச் சின்னச் சின்னத் தேரைகள் மிதந்தன. விரல் நகம் அளவுதான் ஒவ்வொன்றும். நாலு காலும் முழுசாக வந்து, வால் மட்டும் கொஞ்சம் மிச்சம். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வளர்ந்தது, தண்ணீரில் மூழ்கிச் செத்திருந்தது. ராத்திரியெல்லாம் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். ஏற இடம் இல்லை. எண்ணினேன், 41. அதற்குமேல் எண்ணவில்லை. சல்லடையில் அள்ளி மல்லிகை அடியில் புதைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்திலேயே இருக்கிற விஷயம் இது. குளம் என்றால் ஒரு பக்கமாவது சரிவு வேண்டும், உள்ளே விழுந்தது ஏறி வர. எலியானாலும் அணிலானாலும் பறவைக் குஞ்சானாலும். எனக்குத் தெரியாததில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் போகிறது என்று விட்டிருந்தேன்.

அப்போது ஒரு பலகையைச் சாய்த்து வைத்தேன். ஒழுங்கான சரிவு போட்டது இந்த மாதம்தான். பாதித் தண்ணீரை இறைத்தேன். விரிப்பில் மிச்சம் இருந்த துண்டுகளை இரண்டு மடிப்பாகப் போட்டேன், கல் கிழிக்காமல் இருக்க. அதன்மேல் பெரிய கல், சந்துகளில் சின்னக் கல், மேலே பொடிக்கல் கொட்டி, 3 அடிக்கு 1 அடி இறக்கமாகப் படுக்க வைத்த மாதிரி ஒரு கரை. நடுவில் புல்லும், கால் பற்றிக்கொள்ளப் பாசி படிந்த கல்லும். கீழே ஆழமில்லாத இடத்தில் மீன் வராதபடி வலை. ஆறு நாள் வேலை. முதுகு விட்டுப்போயிற்று.

அந்தக் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், பாப்பா, நீ உட்கார்ந்திருந்த படி எனக்கு நேர் எதிரே இருக்கிறது என்று பார்த்தேன்.

போன வருஷம் இதே நாட்களில் நீ வந்தாய். சொல்லாமல் வந்தாய், ஒரே ஒரு பையோடு. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாய். குளம் இருக்கும் இடம் அப்போது வெறும் புல்தான். நான் பூவாளியோடு மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா, கொஞ்ச நாள் நான் இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டாய். நான் உன் பக்கம் திரும்பவில்லை. எத்தனை நாள் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய், அதற்குத்தான் பயந்தேன். "எந்த வீட்லதாம்மா இல்ல? நாலு நாள் போனா எல்லாம் சரியாப் போகும். நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றேன். நாற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நாற்றுக்கு அன்றைக்குத் தண்ணீரே தேவையில்லை, காலையிலேயே விட்டிருந்தேன்.

அன்று ராத்திரியே உனக்கு டிக்கெட் எடுத்தேன். நீ எடுக்கச் சொல்லவில்லை. ஜன்னலோரம் கிடைத்துவிட்டது என்று உன்னிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னேன். நீ "சரிப்பா" என்றாய். வேறொன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் பையை மேலே வைத்துவிட்டு இறங்கி, கையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். நாலாம் நாள் காலையில் எழுந்து மண்வெட்டியை எடுத்தேன். ஏன் இந்த வயதில் என்று தம்பி கேட்டான். ஏதோ பொழுதுபோக்கு என்று சொன்னேன். வெட்டும்போது எதையும் யோசிக்க வேண்டியதில்லை, அதனால்தான் வெட்டினேன்.

அம்மாவிடம் உனக்கு அவசர வேலை வந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். ஒரு வருஷம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தாள். போன வாரம் அந்தச் சுவரின் ஈரத் திட்டை நினைத்துக்கொண்டு, "இவ ஏன் நம்மகிட்ட வரல?" என்றாள். அப்போது சொன்னேன். வந்தாள், நான்தான் அனுப்பினேன் என்று. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சரிவில் கல் பரப்பும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பொடிக்கல்லைக் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். அப்போதும் பேசவில்லை.

மாப்பிள்ளை என்ன செய்தார், நீ என்ன செய்தாய், யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கப் போவதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். தோன்றாவிட்டால் வேண்டாம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நான் அன்றைக்கு நினைத்தேன், உண்மை. அந்த நாலு பேரில் ஒருவர்கூட இந்த ஒரு வருஷத்தில் உன்னைப் பற்றி என்னிடம் விசாரிக்கவில்லை. நீ தனியாக ஒரு வீடு பார்த்து, முன்பணம் கட்டி, சாமான் தூக்கி, ஒருவரிடமும் சொல்லாமல் வேலைக்கும் போய்வருகிறாய். உன் தைரியத்தை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தத் தைரியம் உனக்குத் தேவைப்படாதபடி நான் நடந்திருக்க வேண்டும்.

மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். என் பழைய பைல்கள், தம்பியின் உடைந்த சைக்கிள் எல்லாம் கீழே போய்விட்டன. சுவரில் ஈரம் இல்லை, கை வைத்துப் பார்த்தேன். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள், லேசாக விழுகிறது. ஜன்னலைத் திறந்தால் குளம் முழுக்கத் தெரியும். ஒரு நாளோ ஒரு மாதமோ எத்தனை வருஷமோ, எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டோம். நீ வரவே வேண்டாம், அங்கேயே இருக்கிறேன் என்றாலும் சரி, அப்படியானால் நாங்கள் வந்து அந்தச் சுவரைச் சுரண்டிப் பூசித் தருகிறோம். அம்மா முழங்கால் வலியையும் மறந்துவிட்டுக் கிளம்பத் தயார். டிக்கெட் மட்டும் இனிமேல் நான் எடுக்க மாட்டேன், எந்தப் பக்கத்துக்கும்.

நேற்று ராத்திரி மறுபடி தேரை கத்தியது. இன்றைக்குக் காலையில் சரிவுப் பக்கம் இரண்டு சரம் முட்டை. கால் முளைக்க இன்னும் சில வாரம் இருக்கிறது, தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. வெயில் கூடினால் சீக்கிரம் வரும்.

அல்லிக் கூடையை அடுத்த வாரம் இன்னொரு செங்கல் கீழே இறக்க வேண்டும். தண்ணீர் குடித்த களிமண், ஒரு ஆளால் தூக்க முடியாது. ஒருவர் கூடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் செங்கலை உருவ வேண்டும். அம்மாவால் குனிய முடியாது. அவசரமில்லை, மொட்டு மேலே வரும்வரை பொறுக்கலாம்.

உன் பிரியமுள்ள
அப்பா

பி.கு.: கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போட்டாயா? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது.